அக்கா போட்ட நாற்காலி

அது ஒரு கை உடைந்த நீல பிளாஸ்டிக் நாற்காலி. பழனி மலையடிவாரத்து இலங்கை அகதிகள் முகாமுக்கு நான் மாதாமாதம் பட்டியல் பார்த்துப் பெயர் கூப்பிடப் போகும் நாள்களில், ஓர் அக்கா அதைத் தூக்கிவந்து மரத்தடியில் போட்டு, முந்தானையால் துடைத்து, "இருங்கோ ஐயா" என்பார். அவர் வீட்டில் இருந்ததே அந்த ஒன்றுதான். வருவாய்த்துறைக்காரனான நான் கூச்சமே இல்லாமல் உட்காருவேன்.

போரில் கணவரைப் பறிகொடுத்து, மகளோடு படகில் வந்தவர். நம் நாடு அவர்களுக்குக் கூரை கொடுத்தது, அரிசி கொடுத்தது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் சேலையும் சட்டிபானையுமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். அதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயர் கூப்பிடும்போது மட்டும் ஆள் நேரில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், உதவியும் நின்றுவிடும்.

மகள் மணமாகி, வெளியே தங்க அனுமதி வாங்கி, கணவனோடு கொடைக்கானல் பக்கம் கவுஞ்சியில் பூண்டுக் காட்டு வேலைக்குப் போயிருந்தாள். ஒரு மாலை அக்கா என் அலுவலகத்துக்கு ஓடிவந்தார். "பிள்ளைக்கு நோவு கண்டிட்டுதாம் ஐயா. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில அம்மா வேணுமெண்டு அழுறாளாம். இப்ப போகட்டே?" என்றார். மறுநாள் பெயர் கூப்பிடும் நாள். அனுமதி என்று ஒரு வரி நான் எழுதியிருக்கலாம். மேலதிகாரி கேள்வி கேட்பாரோ என்று பயந்தேன்.

"தலைப்பிரசவம் அவ்வளவு வெரசா ஆகாதுக்கா. காலைல வெள்ளனே வந்து ஒங்க பேரையே மொதல்ல கூப்பிட்டுர்றேன், ஒடனே பஸ் ஏறிருங்க" என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

சொன்னபடி முதலில் அவரைத்தான் கூப்பிட்டேன். கையில் பையோடு, "இருக்கிறன் ஐயா" என்றார். முகாம் வாசலைத் தாண்டுவதற்குள் மருமகனின் ஃபோன் வந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது, தாய் போய்விட்டாள். அம்மா வந்தாச்சா என்று விடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாளாம். பாவி நான்.

அடுத்த மாதம் என்னை ஏசுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அப்படிச் செய்திருந்தால் தேவலை. தோளில் பேத்தி, மறு கையில் நாற்காலி. துடைத்துப் போட்டு, "இருங்கோ ஐயா" என்றார். உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே கூப்பிட்டு முடித்தேன்.

ஓய்வுபெற்றுப் பல வருடம் கழித்து, போன மாதம் அங்கே போனேன். அக்கா காலமாகிவிட்டாராம். வளர்ந்த பேத்தி புது நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க சார், வெயில்ல நிக்காதீங்க" என்றாள், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே. கொடைக்கானலில் பிறந்த அவளையும் இன்னும் பட்டியலில் வைத்துத்தான் பெயர் கூப்பிடுகிறார்கள். நான் யார் என்று அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.