கண்ணாடி மேல் மறந்துவிட்ட படம்

மூன்று வருடத்துக்கு முன்பு, சங்கராபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மலைப்பாதையில் வண்டி சறுக்கி அண்ணன் செத்து, இது நடந்தபோது நாற்பது நாள்கூட ஆகவில்லை.

அண்ணன் சுவர் விளம்பரம் எழுதுகிறவன். ஆனால் ஆசையாக வரைந்தது வேறு. வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம், பேனாவில், கட்டம் கட்டமாகப் படக்கதை. மலையில் போடாத ரோட்டுக்கு பில் வாங்கிய கான்ட்ராக்டர்தான் அதில் தொந்தி போட்ட எருமை. வரைந்தவன் பேர் இருக்காது. கடையில் ஆள் இல்லாத நேரம் நான் காப்பி போட்டுத் தருவேன். வெள்ளிமலை பஸ் சீட்டுகளில் வைத்துவிட்டு இறங்கிவிடுவான். பேப்பரில் வராததை அதில் பார்த்து சனங்கள் சிரிப்பார்கள். வரைந்தவன் கையை வெட்டுவேன் என்று கான்ட்ராக்டர் சொல்லித் திரிந்ததும் எங்களுக்குத் தெரியும்.

அவன் நோட்டுக்குள் ஒரு தாள் மிச்சம் இருந்தது. அதையும் பஸ் ஏற்றிவிட வேண்டும் என்று, ஓனர் சாப்பிடப் போன மதியம் பத்து காப்பி போட்டேன். வாசலில் பைக் சத்தம். கான்ட்ராக்டரின் ஆள். காப்பிகளைப் பேப்பர் கட்டுக்கு அடியில் திணித்தேன்.

"இன்னா பாப்பா, இந்த பில்லு ரெண்டு காப்பி வேணும்" என்றவர், தானே மிஷின் மூடியைத் தூக்கிவிட்டார்.

கண்ணாடி மேல் ஒரிஜினல் இருந்தது. தினமும் கஸ்டமர்களுக்கு "ஒரிஜினல எடுத்துக்கினீங்களா" என்று ஞாபகப்படுத்துகிறவள் நான்தான்.

திருப்பிப் பார்த்தார். எருமைக்குப் பக்கத்தில் கூலிங்கிளாஸ் போட்டு நிற்பது அவரேதான்.

"மழையே இல்ல, நான் எதுக்கு கொட புடிச்சிகினு நிக்கிறேன்?"

காப்பிகளை மறைத்திருந்த பேப்பர் கட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டேன்.

"யாரு போட்டது?"

"தெரியாதுங்கண்ணா. யாரோ வுட்டுட்டு போயிட்டாங்க."

"அப்ப யாருதும் இல்ல" என்று நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அண்ணன் கையால் வரைந்த கடைசித் தாள். திருப்பிக் கேட்காமல், அவர் பில்லுக்கு இரண்டு காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அன்றைக்கே பத்து காப்பியையும் அடுப்பில் போட்டேன். காய்ச்சல் என்று அம்மாவிடம் சொல்லி, வேலைக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன்.

இரண்டு வாரம் கழித்து வெள்ளிமலை பஸ்ஸில் போனபோது, முன் சீட்டில் இரண்டு அக்காமார் ஒரு தாளை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"கொட புடிக்கிறவன பாரேன், பெத்த அப்பனுக்கு புடிச்சிருப்பானா இப்டி?"

எட்டிப் பார்த்தேன். அண்ணன் படம். நடுவில் சிலுவை போல கறுப்புக் கோடு. மடித்த தாளைக் காப்பி போட்டால் மடிப்பு அப்படித்தான் விழும். நான் போட்டபோது அதில் மடிப்பு இல்லை. கான்ட்ராக்டரின் ஆள்தான் எங்கோ காப்பி போட்டிருக்கிறார், அல்லது யாரிடமாவது கொடுத்திருக்கிறார்.

ஏன் செய்தார் என்று இன்றுவரை கேட்டதில்லை. எதிரில் வந்தால் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறோம்.

பிடிபட்டால் என்னைவிட அவருக்குத்தான் ஆபத்து, அவரே துணிந்தபோது கூடப்பிறந்த நான் யாரோ என்று சொல்லிவிட்டேனே என்பது இன்னும் அறுக்கிறது. இங்கேயாவது எழுதிவிடுகிறேன், அதை வரைந்தவன் என் அண்ணன்.