பெரியப்பா கட்டிய ஆயுள் சந்தா

வருடா வருடம் சந்தா கட்டுகிறவர்களைக் கண்டால் எங்கள் பெரியப்பாவுக்கு எரிச்சல் வரும். எங்களுக்கோ அவரைக் கண்டால் எரிச்சல் வரும். எதுவானாலும் ஒரேயடியாகப் பணத்தைக் கட்டி ஆயுள் உறுப்பினராகிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்படி அவர் ஆயுள் சந்தா கட்டிய வாரப் பத்திரிகை பதினான்கு மாதத்தில் நின்றுபோனது. யோகா மையத்தின் குரு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டே போய்விட்டார். செஸ் கிளப் பிரியாணிக் கடையாக மாறியது. அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம், "இங்க நான் லைஃப் மெம்பர்" என்று கூட வரும் என்னிடம் கூச்சமே இல்லாமல் சொல்வார்.

பெரியப்பா பட்டுச் சேலைகளுக்குக் கரையும் புட்டாவும் வரைந்து கொடுப்பவர். கட்டம் போட்ட கிராஃப் தாள் எப்போதும் கையில் இருக்கும். ஆயுள் சந்தாக் கணக்கும் அதில்தான். ஒரு கட்டம் ஒரு வருடம். எண்பது வயது வரைக்கும் கட்டங்களை எண்ணி, சிவப்பு மையில் நிரப்பி, இத்தனை வருடச் சந்தா மிச்சம் என்று காட்டுவார். மறுத்துப் பேசினால் இன்னொரு தாளை எடுப்பார். அதற்குப் பயந்தே வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. பெரியம்மா மட்டும் தலையில் அடித்துக்கொள்வார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. எல்லோரும் ஒரே வீட்டில் இருந்ததால், நான் கேட்பதை வாங்கித் தரும் வேலையை அவரே எடுத்துக்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்புக்குப் போனதும் சைக்கிள் என்று என் தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தார். ஷேர் ஆட்டோவில் யார் மடியிலோ உட்கார்ந்து பள்ளிக்கூடம் போய் எனக்குச் சலித்துவிட்டிருந்தது. சிவப்பு நிறம், முன்னால் கூடை என்பது வரை முடிவுசெய்து, வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியும் ஆகிவிட்டது.

பள்ளி திறந்த வாரத்தில் ஒரு மாலை அவர் சிரித்துக்கொண்டே வந்தார். சைக்கிள் வரவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மஞ்சள் அட்டை வந்தது. அதில் என் பெயரும் என் போட்டோவும் இருந்தன. காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் புதிதாகத் திறந்திருந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் நான் லைஃப் மெம்பராம்.

"எப்ப வேணா போய்க் கத்துக்கலாம்மா. அறுபது வயசுல போனாலும் ஒத்த பைசா கேக்க மாட்டாங்க."

"சைக்கிள் இன்னா ஆச்சு?"

"சைக்கிள் ரெண்டு வருஷத்துல உனக்குச் சின்னதாப்பூடும். இங்கிலீஷ் சின்னதாப்பூடுமா?"

கிராஃப் தாள் வந்தது. என் பதினொன்றைக் கழித்துவிட்டு அறுபத்தொன்பது கட்டங்களைச் சிவப்பாக்கினார். அறுபது வயதில் மூச்சிரைக்க அந்த மாடிப்படி ஏறும் என்னை நினைத்துப் பார்த்தேன், அழுகையாக வந்தது. எப்போதும் தன் பெயரில்தானே அட்டை வாங்குவார், இந்த முறை நான் ஏன் மாட்டிக்கொண்டேன் என்று ஆத்திரம் தாங்கவில்லை. அழுதுகொண்டேதான் வகுப்புக்குப் போனேன்.

அங்கே மாஸ்டர் நாளுக்கு ஒரு சொல் கற்றுத் தருவார். ஒரு நாள் கரும்பலகையில் லைஃப்டைம் என்று எழுதினார்.

"லைஃப்டைம்னா ஆயுசு. ஒருத்தர் பொறந்ததுலேர்ந்து போற வரைக்கும் இருக்கற காலம். மை லைஃப்டைம், ஹிஸ் லைஃப்டைம்னு யாரோடதுன்னு முன்னாடி போட்டுச் சொல்லிப் பழகுங்க" என்றவர், ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். பக்கத்தில் இருந்த அக்கா, தன் ஆயுளுக்குள் காசியைப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். நான் யோசிக்கவே இல்லை. 'இன் ஹிஸ் லைஃப்டைம் மை அங்கிள் வில் நெவர் பை மீ எ சைக்கிள்' என்று எழுதினேன்.

மாஸ்டர் அதை இரண்டு முறை படித்தார். "பிரமாதம்மா! ஒரு தப்புகூட இல்ல. வீட்ல போய்ப் படிச்சுக் காட்டு."

காட்டினேன். கூடத்தில் அப்பா, அம்மா, பெரியப்பா எல்லோரும் இருந்தார்கள். பெரியம்மா அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தார். நடுவில் நின்று கணீரென்று படித்தேன். "தமிழ்ல சொல்லு" என்றார் பெரியப்பா. அதற்காகத்தானே காத்திருந்தேன்.

"பெரியப்பா உயிரோட இருக்கற வரைக்கும் எனக்கு சைக்கிள் வாங்கித் தரவே மாட்டாரு!"

அம்மா எழுந்து வந்து பளாரென்று ஓர் அறை விட்டாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா அரிந்ததை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார். பெரியப்பா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வுடும்மா, கொயந்தைய எதுக்கு அடிக்கற? சரியாத்தான எழுதிக்கினு வந்துக்குது!"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. தப்பில்லை என்று மாஸ்டர் சொல்கிறார், சரி என்று பெரியப்பா சொல்கிறார், அப்புறம் எதற்கு அடி? இங்கிலீஷ் தெரியாத வீட்டில் பிறந்தது என் தலையெழுத்து என்று நொந்துகொண்டேன்.

பொங்கலுக்கு முன்பே பெரியப்பா போய்விட்டார். அந்த சென்டர் அதற்குப் பிறகு மூன்று மாதம் ஓடியது. அவர் ஆயுள் சந்தா கட்டியவற்றில் அவருக்குப் பின்னும் இருந்தது அது ஒன்றுதான்.

நான் கல்லூரிக்குப் போகும்போதுதான் பெரியம்மா சொன்னார். சென்னை ஆஸ்பத்திரியில், ஒரு வருடம் தாண்டாது என்று மே மாதமே சொல்லிவிட்டார்களாம். அதன் பிறகும் மனிதர் வழக்கம்போல அந்த மாடியேறிப் போய், ஃபாரத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறார். எழுதியதை அடித்துவிட்டுத்தான் என் பெயரைப் போட்டாராம்.

"'எனக்குப் போட்டா நஷ்டம்'னு சொல்லிக்கினே வந்தாரு" என்றார் பெரியம்மா.

அன்று கூடத்தில் இது தெரியாத ஒரே ஆள் நான். அடி வாங்கி நின்றவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இன்னொரு தபா படிம்மா" என்றார் பெரியப்பா. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் காதில் நன்றாக விழட்டும் என்று, 'நெவர்' வந்த இடத்தில் அழுத்தி, முன்னைவிடச் சத்தமாகப் படித்தேன். அவர் கைதட்டினார்.