அரிசி டிரம்முக்குள் மூன்றாம் அத்தியாயம்

என் கணவருக்குப் பொங்கல் என்றால் கரும்பு இல்லை, சர்க்கரைப் பொங்கல் இல்லை. வீட்டை ஒழிப்பதுதான். போகிக்கு முந்தின வாரமே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. எது பெரிதாக இடத்தை அடைக்கிறதோ, அதைத்தான் முதலில் தூக்கிப் போடுவார். "சின்னச் சாமானைப் பொறுக்கிக்கிட்டு இருந்தா விடிஞ்சுரும். பெருசைத் தூக்கு, வீடு தானா விரியும்" என்பார். என் தையல் மிஷின் அப்படித்தான் போனது. இன்றுவரை சொல்லிக் காட்டுகிறேன். அவரும் அசராமல் கேட்டுக்கொள்கிறார்.

அந்தத் திறமையை என் மடிக்கணினியிலும் காட்டுவார் என்று நான் நினைக்கவே இல்லை.

கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே, கூட வேலை செய்பவர்கள் பிள்ளைகளுக்கு வரன் தேடும் வயதில், நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவள். உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரிக் குடும்பங்கள் மாடு வைத்துப் பிழைத்த கதைதான் என் ஆய்வு. என் கணவரின் சொந்த பந்தமெல்லாம் அங்கேதான். 'மாட்டைப் பத்திப் படிக்கிறா' என்று ஊரில் செய்தி பரவி, சினைப்பசு தீனி எடுக்கவில்லை என்று ஒரு சித்தப்பா எனக்கே போன் போட்டார். இவரோ என்ன எழுதுகிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "முடிஞ்சிருச்சா?" என்பது மட்டும்தான் அவர் கேள்வி.

படித்த கட்டுரைகளையும் சேர்த்த ஆதாரங்களையும் ஒரு மென்பொருளில் போட்டு வைத்திருந்தேன். எழுதும்போது மேற்கோள் பட்டியலை அதுவே போட்டுக் கொடுத்துவிடும். வீட்டில் சேர்த்ததைக் கல்லூரிக் கணினியிலும் கொண்டுபோய் வைக்கும். சிங்க் ஆகிறது என்பார்களே, அதுதான். அது ரொம்ப விசுவாசமான பிறவி. ஓரிடத்தில் சேர்த்தால் எல்லா இடத்திலும் சேர்க்கும். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் தேடிப்போய் அழிக்கும். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காது.

இலவசமாகத் தந்த இடம் நிரம்பிவிட்டது என்று அது கொஞ்ச நாளாக எச்சரித்துக்கொண்டே இருந்தது. நானும் சாப்பிடும்போதெல்லாம் அதைச் சொல்லிப் புலம்பினேன். வேறு யாரிடமாவது புலம்பியிருக்கலாம்.

போகியன்று காலை நான் வாசலில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து வெற்றிக் குரல் வந்தது.

"இந்தா, ஒன் கம்ப்யூட்டரையும் ஒழிச்சுட்டேன். இனிமே இடம் பத்தலைன்னு பொலம்ப மாட்டேல்ல?"

கையில் இருந்த வேப்பிலையோடு ஓடினேன். "எதை அழிச்சீங்க?"

"பெருசு எதுன்னு வரிசையாப் போட்டுப் பார்த்தேன். ஒரே போட்டோவா கெடந்துச்சு, பழைய தாளு. தூக்கிட்டேன்."

"குப்பைத்தொட்டியில கெடக்கும்ல?"

"அதையும் காலி பண்ணிட்டேன். அரைகுறையா ஒழிச்சா அதுக்குப் பேரு ஒழிக்கிறதா?"

அடப்பாவி மனுசா! அந்தப் பழைய தாள்கள்தான் என் மூன்றாம் அத்தியாயம். உசிலம்பட்டியில் ஒரு மாட்டுத் தரகர் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்த துண்டு நோட்டீஸ்கள் அவை. சந்தை கூடும் அறிவிப்பு, தீவனம் கிடைக்கும் இடம், காணாமற்போன மாட்டின் அடையாளம் என்று எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாகப் படம் பிடித்துச் சேர்த்திருந்தேன். அப்புறம் அந்த வீட்டை இடித்துக் கட்டினார்கள், பெட்டியோடு அசலும் போய்விட்டது. படம் பிடித்த போனும் இப்போது இல்லை, எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் கல்லூரிக் கணினியிலும் இதற்குள் அழிந்திருக்கும். பொங்கல் முடிந்ததும் அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டும், ஆதாரம் உலகத்தில் எங்கும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பக்கத்தில் நின்று, "திரும்ப எறக்கிக்கலாம்ல?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

மூக்கைச் சிந்தும்போதுதான் பழைய மடிக்கணினி ஞாபகம் வந்தது. அந்தப் படங்களை நான் முதலில் ஏற்றியது அதில்தான். அதையும் இவர் ஒழித்து, ஆனையூரில் இருக்கும் தன் அக்காவுக்கு, என் மதினிக்கு, கொடுத்திருந்தார். மதினி வீட்டில் இன்டர்நெட் கிடையாது. அழித்த செய்தி அந்தக் கணினிக்கு இன்னும் போயிருக்காது. அவசரமாகப் போன் போட்டேன்.

"மதினி, ஒங்க வீட்டுல இன்டர்நெட் இல்லைல்ல?"

"இதுவரைக்கும் இல்ல ஆத்தா. இப்பத்தான் ஆளு வந்து வைஃபை மாட்டிக்கிட்டு இருக்காரு. தம்பி குடுத்தான்ல, அந்த லேப்டாப்பைத்தான் எடுத்து வச்சிருக்கேன், வருதான்னு பாக்க."

கணினியைத் திறந்ததும் அந்த மென்பொருளும் தானாகத் திறந்துகொள்ளும்படி வைத்திருந்தவள் நான். நெட் கிடைத்த மறுநிமிடம் அது தன் விசுவாசத்தைக் காட்டிவிடும்.

"மூடுங்க மதினி! நாங்க வர்ற வரைக்கும் தெறக்காதீங்க, வைஃபையும் படக் கூடாது!"

தல்லாகுளத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஆனையூர் வரைக்கும் வண்டியில் அவரைத் திட்டுவதற்கு ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டே போனேன். தையல் மிஷினிலிருந்து ஆரம்பிப்பதாக முடிவு. சிக்னலில் அவர் லேசாகத் திரும்பி, "வெயில் அடிக்குதா?" என்றார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

மதினி வாசலிலேயே நின்றார். "பயப்படாத. அரிசி டிரம்முக்குள்ள வச்சு மூடிட்டேன்."

"அரிசி டிரம்முலயா?"

"நீதான வைஃபை படக் கூடாதுன்ன? எவர்சில்வர் டிரம்மு, காத்தே போகாது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அரிசியைத் தட்டிவிட்டு, முதலில் நெட் பிடிக்காதபடி கணினியின் வைஃபையை அணைத்து வைத்தேன். பிறகு மென்பொருளைத் திறந்தேன். எல்லாமே இருந்தன. ஒன்றுகூடப் போகவில்லை. மதினியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வெளி டிஸ்க்கைச் செருகி நகலெடுக்கப் போட்டால், பழைய கணினி ஆடி அசைந்து வேலை பார்த்தது. காப்பி குடிக்க அடுப்படிக்குப் போனோம். இவரை மட்டும், எதையும் தொடக் கூடாது என்று சொல்லிக் காவலுக்கு உட்கார வைத்தேன்.

திரும்பி வரும்போது நகல் முடிந்திருந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையோடு ஒட்டிக்கொண்டிருந்தார். தொட்டுத்தான் இருந்தார். ஒரு நோட்டீஸைப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தார். காணாமற்போன செவலைக் காளை ஒன்றைப் பற்றிய நோட்டீஸ் அது.

"போகலாமா?" என்றேன்.

"இரு." பக்கத்தைத் தள்ளினார். இன்னொன்றையும் தள்ளினார். "இம்புட்டையுமா அழிச்சேன்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சேர்த்து வைத்திருந்த திட்டில் ஒன்றுகூட எனக்கு வாயில் வரவில்லை.

பிறகு நிமிர்ந்து, இத்தனை வருடத்தில் முதல்முறையாக என் ஆய்வைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த மாடு கெடைச்சுச்சா, இல்லையா?"

"அதைத்தாங்க எழுதிக்கிட்டு இருக்கேன்."

"அப்ப சொல்லு" என்று பக்கத்து நாற்காலியில் கிடந்த சாமானை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, எனக்கு இடம் போட்டார்.