வெர்னியர் அக்காவின் ஒன்பது மில்லிமீட்டர்

பிரிண்டர் ரிப்பேர் கடையில் அவளுக்கு வெர்னியர் அக்கா என்று பெயர். ரோலர் தேய்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவாள். அப்புறமும் தன்னையே நம்பாமல் வெர்னியர் அளவுகோலை எடுத்து அளப்பாள். இருபத்தாறு வருடம் அளந்த அந்த வலது கையை ஒரு நாள் காலையில் பக்கவாதம் தட்டிவிட்டுப் போனது. லேசான வாதம்தான் என்றார் டாக்டர். கை அவருடையது இல்லையே, லேசாகத்தான் இருக்கும்.

கடை முதலாளி அவளைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனசுக்காரர். அந்த நல்ல மனசுதான் வினையாகிப் போனது.

"இனிமே முன்னாடி உக்காந்து போன் எடுங்கக்கா. ரிப்பேர் மேஜைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

"மூணு மாசம் குடுங்க தம்பி. கை சரியாயிடுச்சுன்னு காட்டறேன். முடியலைன்னா நானே போன் பக்கத்துல போய் உக்காந்துக்கறேன்."

ஆஸ்பத்திரியில் விரலுக்குப் பயிற்சியாக மணி கோக்கச் சொன்னார்கள். இரண்டாம் நாளே டப்பாவைத் தூக்கி எறிந்தாள். கடையில் கழித்துப் போட்ட பிரிண்டர்களை வீட்டுக்கு வரவழைத்து, குட்டி ரயில் செய்ய உட்கார்ந்தாள். அதுவும் குவாரிகளில் கல் இழுக்கும் நேரோ கேஜ் எனும் குறுகிய பாதை ரயில். சாப்பாட்டு மேஜைக்குள் வளைந்து திரும்ப அதனால்தான் முடியும்.

ஸ்கேனர் மோட்டார் எஞ்சினுக்குள் போனது. இங்க் கார்ட்ரிட்ஜின் மூடி கூரையானது. பல்சக்கரங்களின் பற்களை ராவி, உள்பக்க விளிம்பாக வாஷர் ஒட்டிச் சக்கரமாக்கினாள். பார்சல் கட்டும் இரும்புப் பட்டையை நீளவாக்கில் நறுக்கித் தண்டவாளம். குறுக்குக் கட்டைகளுக்கு ஐஸ் குச்சி. அறுபத்து நாலு கட்டை, ஒவ்வொன்றிலும் பட்டை செருக இரண்டு வெட்டு. சக்கரங்களுக்குப் பொருந்த இடைவெளி ஒன்பது மில்லிமீட்டர். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு கட்டை முடிந்தால் பெரிய விஷயம். கை ஆடும், வெட்டு கோணும், குச்சி குப்பைக்குப் போகும். அழுதுகொண்டே அடுத்த குச்சியை எடுப்பாள்.

"இதுல யாரு டிக்கெட் எடுக்கப்போறா?" என்று கணவர் கிண்டல் செய்வார். ஆனால் குச்சி தீர்வதற்குள் புதுக்கட்டு வாங்கி வந்துவிடுவார்.

மூன்று மாதம் முடிந்து, முதலாளியை வரச் சொல்லியிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தாள். நேர்ப்பாதையில் உரசிக்கொண்டே போனது. வளைவில் ஏறிக் கவிழ்ந்தது. ஏழு முறை ஓட்டினாள். ஏழு முறையும் கவிழ்ந்தது. கைதான் காலை வாரிவிட்டது என்று நினைத்தாள். வெர்னியரை எடுத்துத் தண்டவாளத்தை அளந்தாள். சரியாக ஒன்பது.

பக்கத்தில் நின்ற கணவர் கேட்டார்: "சக்கரம் உள்பக்கமாத்தானே ஓடுது? நீ ஏன் வெளிப்பக்கம் பிடிச்சு அளக்கறே?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரயில் பாதைக்கு உள்ளளவு. பிரிண்டர் ரோலருக்கு வெளியளவு. இருபத்தாறு வருடப் பழக்கம் அவளைக் கேட்காமலே வெளியளவு எடுத்திருக்கிறது. இரண்டு பட்டைகளின் தடிமன் போக உள்ளே இருந்தது எட்டுதான்.

"அவர் வர்றதுக்குள்ள எடுத்து ஒளிச்சு வெச்சிடும்மா," என்றார் கணவர்.

"ஒண்ணும் வேணாம். அப்படியே இருக்கட்டும்."

முதலாளி வந்தார். அவர் கண் முன்னாலேயே எஞ்சின் வளைவில் கவிழ்ந்தது.

"பரவால்லக்கா," என்றார். அந்தக் குரலில் இருந்த இரக்கம் அவளுக்குச் சுருக்கென்றது.

வெர்னியரை அவர் கையில் திணித்தாள். "உள்பக்கம் அளங்க தம்பி. ஒன்பது இருக்கணும்."

"எட்டு." தள்ளி இன்னோர் இடம். "எட்டு." வளைவில், மறு ஓரத்தில், நடுவில். எட்டு, எட்டு, எட்டு. முதலாளி குனிந்தபடியே மேஜையைச் சுற்றி வந்தார்.

"ஒன்பது இருக்கணுமேக்கா? எல்லாமே தப்பா இருக்கே."

"ஆமா, அளவெடுத்தது தப்பு, உள்ளே எடுக்காம வெளியே எடுத்துட்டேன். அது என் புத்தி. ஆனா அறுபத்து நாலு எடத்துலயும் அதே தப்பு, ஒரு நூல் கூட மாறல. ஆடுற கையால அது முடியுமா?"

முதலாளி இன்னொரு தடவை அளந்தார். வெர்னியரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நாளைக்கு வந்துடுங்கக்கா. ரிப்பேர் மேஜை அப்படியேதான் இருக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கட்டையைப் பிடுங்கினாள்.

"நாளைக்கு முடியாது தம்பி. அறுபத்து நாலையும் மாத்திட்டுத்தான் வருவேன்."