பிளாப்பிக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஒரு சின்னச் சண்டை நடக்கும். மிக்சி, கிரைண்டர், தையல் மிஷின், ஸ்கூட்டர் என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வரும் என் மனைவி மடிக்கணினியை நெருங்கும்போது, நான் குறுக்கே போய் நின்றுகொள்வேன். மூடிமேல் வை, ஓரமாக வை, கெட்டியாகக் குழைத்து வை என்று ஆயிரம் நிபந்தனை போடுவேன். இந்த வருஷம் அவளுக்கு அலுத்துப்போய்விட்டது. ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து மூடியின் நட்டநடுவில் ஒட்டிவிட்டு, "இப்ப திருப்தியா?" என்றாள். திருப்திதான். ஆனால் கிண்ணத்தை வாங்கித் தேய்க்கப் போட்டபோது என் விரலில் சந்தனம் ஒட்டிக்கொண்டது.

சந்தன வாசனை வந்தால் திருவண்ணாமலைக்காரனுக்குக் கோயில் நினைவு வரவேண்டும். எனக்கு ஈயம் உருகும் புகைதான் நினைவுக்கு வருகிறது. வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன.

திருவூடல் தெருவில் ஒரு பூக்கடைக்கு மேலே எங்களுக்கு ஒரு அறை இருந்தது. எங்களுக்கு என்றால் மூன்று பேருக்கு. டிவி, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அன்வர். வேங்கிக்காலில் அரசாங்க வேலையில் இருந்த குணா. அப்புறம் நான். அப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நடத்தினேன் என்பது பெரிய வார்த்தை. மாணவர்களுக்கு நாளைக்கு நடத்தப்போவதை இன்று ராத்திரி படித்துக்கொள்வேன், அவ்வளவுதான். யாராவது முந்திக்கொண்டு கேள்வி கேட்டால், "அது அடுத்த வாரம் வருது" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்ட கையோடு அந்த அறைக்குப் போய்விடுவோம். செத்துப்போன கம்ப்யூட்டர்களைப் பிழைக்க வைப்பதுதான் வேலை. வேலை என்று நாங்கள் மட்டும்தான் சொல்லிக்கொண்டோம். வீட்டில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. ஏலத்தில் போன பழைய மிஷின்களைப் பழைய இரும்புக் கடையில் பொறுக்குவோம். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பும்போது, சுமக்க மனசில்லாமல் விட்டுப்போகும் ரேடியோவும் டேப்பும் எப்படியோ அன்வரிடம் வந்து சேரும். கீழே மல்லிகையும் மருக்கொழுந்தும், மேலே ஒயர் பற்றவைக்கும் ஈயப்புகை. இரண்டும் கலந்த காற்றில் நாங்கள் மதியச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருப்போம். ஒருமுறை ஜன்னல் வழியாக வந்த குரங்கு ஒரு மவுஸைத் தூக்கிக்கொண்டு போய், எதிர்மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வாலைப் பிடித்து ஆட்டிக் காண்பித்தது. அன்வர் வாழைப்பழம் காட்டி மவுஸை மீட்டான்.

குணாவுக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. ஒன்று, மிஷின் எதைக் கேட்டாலும் முதலில் இல்லை என்று சொல்லவேண்டும். "அழிக்கவா, மாத்தவான்னுதான் அது கேக்கும். அவசரப்பட்டு ஆமான்னு சொல்லாத" என்பான். இரண்டாவது, எதைக் காப்பாற்றினாலும் எடுத்தது எடுத்தபடி ஒரு காப்பியைத் தொடாமல் வைக்கவேண்டும். சரி பண்ணுவதெல்லாம் இன்னொரு காப்பியில்தான். இந்த இரண்டையும் சொல்லிச் சொல்லி அவனை நாங்கள் கிண்டல் செய்யாத ஞாயிறு கிடையாது.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். ஆயுத பூஜை முடிந்த அடுத்த ஞாயிறு, செல்வம் அண்ணனும் வசந்தா அக்காவும் படியேறி வந்தார்கள்.

செல்வம் அண்ணன் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். வசந்தா அக்கா அவர் மனைவி, அதே குழுவின் பாடகி. சுற்றுவட்டாரத்தில் அக்கா பாடாத கல்யாணமும் கூழ் ஊற்றும் திருவிழாவும் கம்மி. ஆனால் அது எல்லாம் அதற்கு மூன்று நாலு வருஷம் முன்பு வரை. கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. உயிருக்கு ஒன்றும் இல்லை, குரல்தான் போய்விட்டது. பேச வரும், கரகரவென்று. பாட வராது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அக்கா மேடை இருக்கும் தெருப் பக்கமே போகாமல் இருந்தார்.

அவரைத் திரும்ப மேடைக்குக் கொண்டு வந்தது ஒரு பிளாப்பி. இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: சட்டைப்பையில் அடங்கும் சதுர பிளாஸ்டிக் ஓடு, அதற்குள் மெல்லிய வட்டத் தகடு, ஓரத்தில் தள்ளித் திறக்கிற ஒரு தகரக் கதவு. செல்வம் அண்ணனின் பழைய கீபோர்டு ஏதாவது ஒரு சத்தத்தை இரண்டு வினாடி பிடித்து வைத்துக்கொண்டு, எந்தக் கட்டையை அழுத்தினாலும் அந்தச் சுருதியில் திருப்பித் தரும். பிடித்த சத்தம் பிளாப்பியில் தங்கும். அக்காவின் குரல் நன்றாக இருந்த காலத்தில், கோரஸ் பாட ஆள் கூட்டிப்போக வேனில் இடம் இல்லாததால், அக்காவை ஒரே ஒரு "ஆ" பாடச் சொல்லி அண்ணன் பிடித்து வைத்திருந்தார். சிக்கனத்துக்குச் செய்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அதுவே சொத்தாகிவிட்டது. இரண்டாவது கீபோர்டுக்குப் பின்னால் நின்று ஒரு கையால் அந்த "ஆ"வை அக்காவே வாசிப்பார். வாய் மூடியிருக்கும், குரல் ஸ்பீக்கரில் வரும்.

அந்தப் பிளாப்பிக்குத்தான் அக்கா பொட்டு வைத்துவிட்டார். வீட்டில் இருப்பதிலேயே உசத்தியான பொருளுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய பொட்டு. நீர்க்கச் சந்தனம், மேலே குங்குமம், சரியாக அந்தத் தகரக் கதவின் மேல். சந்தனம் உள்ளே கசிந்து காய்ந்துவிட்டது. இன்னொரு காப்பி இல்லையா என்று கேட்டோம். இருந்த ஒன்றும் அந்த மழைக்காலத்திலேயே பூஞ்சை பிடித்துப் போயிருந்தது.

"இன்டர்நெட் சென்டர்ல குடுத்தோம்பா," என்றார் அண்ணன். "போட்டதும் ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது. அந்தப் பையன் பண்ணலாமான்னு என்னைக் கேக்கறான். நான் சரின்னு சொல்லப் போனேன். இவதான் புடுங்கிக்கினு வந்துட்டா."

குணா எங்களை ஒரு பார்வை பார்த்தான். அன்றைக்கு நாங்கள் அவனைக் கிண்டல் செய்யவில்லை.

கார்த்திகை தீபத்தை ஒட்டி அடி அண்ணாமலையில் அவர்களுக்கு ஒரு கச்சேரி இருந்தது. அண்ணனுக்குக் கச்சேரி கவலை. அக்காவின் கவலை வேறு. "இது இல்லைன்னா நான் அங்க வந்து இன்னா பண்ணப் போறேன் தம்பி? மைக் ஒயர் சுத்தவா?" என்றார். இரண்டு வினாடிக் குரல்தான், ஆனால் அது போனால் அக்கா திரும்பவும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார் என்பது அங்கே எல்லாருக்கும் புரிந்தது.

அன்வர் பிளேடால் பிளாஸ்டிக் ஓட்டை மெதுவாகப் பிளந்தான். உள்ளே தகட்டில் மஞ்சளாக ஒரு திட்டு, சுற்றிலும் சிவப்புத் தூள். "கழுவணும்," என்றான். அக்கா திடுக்கிட்டுப் பார்த்தார். கழுவலாம் என்று எங்கோ படித்திருந்தோமே தவிர, கழுவிப் பார்த்தது கிடையாது. பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் வாங்கி வந்தேன். எவர்சில்வர் தட்டில் ஊற்றி, குழந்தைகள் ஷாம்பு ஒரு சொட்டு விட்டோம். அதற்கப்புறம் மூன்று வீரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். யார் கையும் முன்னே வரவில்லை.

"தள்ளுங்கப்பா," என்றார் அக்கா. "வெச்சது நான்தானே. நானே கழுவறேன்."

வளையலைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நடுவில் இருந்த உலோக வட்டத்தைப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியால் தேய்க்காமல் தடவினார். திட்டு ஊறிக் கரைய நேரம் எடுத்தது. தட்டுத் தண்ணீர் லேசாக மஞ்சளாகி, ஈயப்புகை மண்டிய அந்த அறை முழுக்கச் சந்தனம் மணத்தது. துவைத்த வேட்டித் துணியில் தகட்டை ஒற்றிக் காயவைத்தோம். ஃபேன் போட்டால் தூசு வரும் என்று குணா போடவிடவில்லை. ஐந்து பேரும் வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

காய்ந்த தகட்டை வேறொரு பிளாப்பியின் ஓட்டுக்குள் வைத்து மூடி, எங்கள் கிழட்டு மிஷினில் போட்டோம். புது மிஷின்கள் தெரியாத பிளாப்பியைக் கண்டால் ஃபார்மட் பண்ணவா என்றுதான் கேட்கும். கிழட்டு மிஷினில் குணா போட்டுவைத்திருந்த ஒரு சின்ன புரோகிராம், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் முதலிலிருந்து கடைசி வரை அப்படியே படி எடுக்கும். நல்ல இடத்துக்குத் திரையில் ஒரு புள்ளி, படிக்க முடியாத இடத்துக்குக் கேள்விக்குறி. புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. பாதியில் டிரைவ் கர்ர் கர்ர் என்று இழுக்க ஆரம்பித்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கேள்விக்குறி, கேள்விக்குறி, கேள்விக்குறி. திரும்பத் திரும்ப அதே இடத்தைப் படிக்கவைத்தோம். ஒவ்வொன்றாகப் புள்ளியாக மாறி, கடைசியில் ஒரே ஒரு கேள்விக்குறி மட்டும் அசையாமல் நின்றது. அந்த இடத்தை வெறுமையாக விட்டு, மற்றதைப் புது பிளாப்பியில் ஏற்றினோம்.

அண்ணன் வீட்டுக்குப் போய், போர்வையில் சுற்றிய கீபோர்டை டிவிஎஸ்ஸில் வைத்துக் கட்டி எடுத்து வந்தார். பிளாப்பியைப் போட்டு ஒரு கட்டையை அழுத்தினார்.

"ஆ."

கீழே பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்களாம். ஆபரேஷனுக்கு முந்திய வசந்தா அக்கா. நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. அன்வர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அண்ணன்தான் கலைஞராயிற்றே, திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்து முகம் சுளித்தார். "முடியறப்ப ஒரு டக் வருதே." உண்மைதான். படிக்க முடியாத அந்த ஓர் இடம். மேல்கட்டையில் சீக்கிரமாக, கீழ்க்கட்டையில் தாமதமாக, ஒவ்வொரு "ஆ"வுக்குள்ளும் ஒரு சின்ன "டக்". அதை எடுக்க முடியுமா என்று அவர் கேட்க, நாங்கள் விழிக்க, அக்கா சொன்னார்:

"அது நான் வெச்ச பொட்டு. இருந்துட்டுப் போவட்டும்."

அடி அண்ணாமலைக் கச்சேரிக்கு நாங்கள் மூவரும் போய் முன்னால் மணலில் உட்கார்ந்தோம். பட்டுப்புடவையில் அக்கா இரண்டாவது கீபோர்டுக்குப் பின்னால். கூட்டத்தில் யாருக்கும் அந்த "டக்" கேட்டிருக்காது. எங்களுக்கு அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

இப்போது அந்த அறை இருந்த கட்டடம் இல்லை. பௌர்ணமிக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் எழும்பி, வாசலில் ஏசி போர்டு தொங்குகிறது. அன்வர் செல்போன் உறை விற்கிறான். அதில் ரிப்பேர் செய்ய எதுவும் இல்லை என்று ஒரு வருத்தம் அவனுக்கு. குணா மாற்றலாகி, ரிட்டயர் ஆகி, மகன் வீட்டோடு போய்விட்டான். கிழட்டு மிஷின் ஒரு வீடு மாறுதலில் காணாமல் போனது. மெல்லிசைக் குழு கலைந்து எவ்வளவோ வருஷம். ஆனால் அந்த "ஆ" மட்டும் பிளாப்பியிலிருந்து ஹார்டு டிஸ்க், அதிலிருந்து சிடி, அதிலிருந்து பென் டிரைவ் என்று ஏறி ஏறி வந்துவிட்டது. ஏற்றிவிட்டவன் நான். பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

போன மாதம் வேங்கிக்காலில் செல்வம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் மகள் நித்யா அந்தக் குரலைத் தன் போனில் கீபோர்டு ஆக்கியிருந்தாள். கண்ணாடியைத் தொட்டால் அம்மாவின் "ஆ". அப்படி ஒரு துல்லியம். அக்கா தொட்டுப் பார்த்தார். இன்னொரு முறை தொட்டார்.

"அந்த டக்கு எங்கடி?"

"அது நாய்ஸ்மா. கிளீன் பண்ணிட்டேன்."

"கிளீன் பண்ணிட்டியா," என்றார் அக்கா. நல்லாத்தான் இருக்கு என்றும் சொன்னார். அப்புறம் போனைக் கீழே வைத்தவர் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

குணாவின் இரண்டாவது கொள்கை ஞாபகம் இருக்கிறதல்லவா? இன்றைக்கு, ஆயுத பூஜை முடிந்த சாயங்காலம், வீட்டில் ஒரு பழைய பெட்டியைக் கிளறினேன். முதலில் அகப்பட்டது அக்கா கழுவிய அந்தப் பிளாப்பி. தகரக் கதவைத் தள்ளினால் தகட்டின் பூச்சு உதிர்ந்துபோய் அந்தப் பக்கம் தெரிகிறது. இனி எந்த மிஷினாலும் அதைப் படிக்க முடியாது. முகர்ந்து பார்த்தேன், வாசனையும் இல்லை. அதற்கடியில் இருந்தது ஒரு பென் டிரைவ், அதில் எடுத்தது எடுத்தபடி வைத்த காப்பி. உடனே நித்யாவுக்கு அனுப்பி, போன் பண்ணிக் காரணத்தையும் சொன்னேன். "சாரி அங்கிள், எனக்கு யாரும் சொல்லவே இல்லை," என்றாள். போனை அம்மாவிடம் கொண்டுபோனது காதில் விழுந்தது.

"ஆ" என்றது, சின்னதாக ஒரு "டக்".

"இருக்கு," என்றார் அக்கா.