வடை எடுக்கும் கரண்டியும் வாய்க்கால் மரமும்

விழுந்த மரத்தை அப்புறப்படுத்த என்ன வேண்டும்? ரம்பம் என்பீர்கள். எங்கள் ஊரில் முதலில் வக்கீல் வேண்டும்!

போன மாதப் புயலில், ஒரத்தநாடு பக்கம் எங்கள் வயலோரத் தூங்குமூஞ்சி மரம் வடிகால் வாய்க்காலுக்குக் குறுக்கே சாய்ந்துவிட்டது. இந்தப் பக்கம் என் அண்ணன் முருகையனின் சம்பா. அந்தப் பக்கம் ஷாஜகான் பாயின் சம்பா. மழையோ விட்டபாடில்லை. தண்ணீர் வடிய வழியில்லாமல் இரண்டு வயலிலும் பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் போனால் மொத்தமும் அழுகிவிடும்.

மரத்தை எடுக்க வேண்டியதுதானே என்கிறீர்களா?

மரம் நின்ற கரை யாருக்குச் சொந்தம் என்று இருவருக்கும் கோர்ட்டில் வழக்கு! எங்கள் அப்பா பண்ணையில் கூலிக்கு உழைத்து, குத்தகைக்கு எடுத்து, கடைசியில் சொந்தமாக்கிய நிலம் எங்களுடையது. பாயுடையது துபாயில் உழைத்து வாங்கிய நிலம். ஒரு பிடி மண்ணை விட இருவருக்கும் மனசு வராது... எனக்கும்தான். போதாக்குறைக்கு, வேரடியில் எல்லை காட்டும் சர்வே கல் வேறு இருக்கிறது.

மரத்தை அறுக்கப் பாய் சம்மதித்தார். துண்டு போட்டும் ஆயிற்று. வாய்க்காலிலிருந்து அள்ளுவதில்தான் தகராறு. ஆட்கள் எல்லாம் அவரவர் தென்னந்தோப்பில். ஜேசிபிகள் மெயின் ரோட்டில் விழுந்த மரங்களை எடுக்கப் போய்விட்டன. இருந்தது அண்ணனின் டிராக்டரும், அதன் முன்னால் மாட்டிய லோடரும்தான். லோடரில் மண் அள்ளும் பக்கெட் இருந்தது. அண்ணன் அதை வாய்க்காலுக்குள் இறக்கினார். கிளை நழுவியது, பக்கெட் கரை மண்ணை மட்டும் வாரிக்கொண்டு வந்தது.

குடையோடு ஓடிவந்த பாய், சர்வே கல்லின் மேல் ஒரு காலை வைத்து நின்றுகொண்டார்.

"நிப்பாட்டு முருகையா! கரைய வாரிப்புட்டு, கல்லு இங்க இல்ல, அங்க இருந்துச்சும்பே!"

"அப்ப என்னதான் பாய் பண்ணச் சொல்றீங்க? கையால தூக்கவா?"

"மண்ணு வரக்கூடாது. மரம் மட்டும் வரணும்."

பயிர் மூழ்கிக்கொண்டிருக்கிறது, இவர்கள் பட்டிமன்றம் நடத்துகிறார்கள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன்.

"வடைய எண்ணெயிலேருந்து குழிக்கரண்டியாலயா எடுக்குறோம்? ஜல்லிக்கரண்டியாலதானே! பக்கெட்டுல சந்து இருந்தா மண்ணு கீழ போயிடாதா?"

இருவரும் பக்கெட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் சந்துக்கு எங்கே போவது? கடையில் வாங்கலாம் என்றால் ரோடு அடைபட்டுக் கிடக்கிறது. வெல்டிங் வைக்கலாம் என்றால் கரண்ட் இல்லை. அண்ணனின் பார்வை மெல்லப் பாயின் கொட்டகைப் பக்கம் போனது. அங்கே, டிராக்டருக்குப் பின்னால் மாட்டி உழுகிற கொத்துக் கலப்பை சும்மா கிடந்தது. வளைந்த இரும்புக் கொத்துகள், நடுநடுவே தாராளமாகச் சந்து.

"பாய்... உங்க கலப்பை..."

பாய் கலப்பையைப் பார்த்தார். வழக்கு போட்டவன் லோடரில் தன் கலப்பையைக் கட்டுவதா? வயலைப் பார்த்தார். பயிரின் நுனிகள் தண்ணீரில் இன்னும் அமிழ்ந்திருந்தன.

"வளைஞ்சா நிமித்திக் குடுக்கணும்," என்றார்.

முதலில் கயிற்றால் கட்டினார்கள்; அறுந்தது. பிறகு பக்கெட்டின் வாயில் கலப்பையைப் படுக்க வைத்து, கொத்துகள் முன்னே நீட்டியிருக்கும்படி இரும்புச் சங்கிலியால் இறுக்கினார்கள். இறுக்கும்போதும் சண்டைதான்! துபாயில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் பாய். "முனையக் கொஞ்சம் ஏத்தி வை, இல்லேன்னா மரம் உருண்டுடும்," என்று அதட்டினார். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றி வைத்தார்.

கொத்து இறங்கியது. எழுந்தது. மண் சந்து வழியாக ஒழுகிப்போக, கிளைக் குவியல் மட்டும் மேலே வந்தது. பாய் கல்லிலிருந்து காலை எடுத்துவிட்டு, குடையை மடக்கி, நனைந்துகொண்டே கைகாட்ட ஆரம்பித்தார்.

கடைசித் துண்டு விலகியதும் தண்ணீர் போன சத்தம் இருக்கிறதே... அப்பாடா! நான் அழுதுவிட்டேன். மழையில் யாருக்குத் தெரியப்போகிறது?

பயிர் பிழைத்துவிட்டது. இரண்டு பக்கமும் பச்சை. ரோட்டோரம் குவித்த விறகு யாருக்கு என்பது இப்போது தனித் தகராறு.

போன வாரம் அண்ணன் கலப்பையைக் கழற்றப் போனார். பாய் தடுத்துவிட்டார்.

"இருக்கட்டும் முருகையா. மழக்காலம் முடியட்டும்."

"அடுத்த மாசம் வாய்தா இருக்கே பாய்?"

"அதுக்கென்ன, வந்துடுறேன்."

ஆக, வழக்கு நடக்கும். இருவரும் போவார்கள். லோடரும் கலப்பையும் மட்டும் கட்டிப்பிடித்தபடி கரையில் நிற்கின்றன – அவற்றைப் பிரிக்கச் சொல்லி இன்னும் யாரும் மனு போடவில்லை!