ஆப்பு இருந்த இடம்

அந்த மரமில்லில் எல்லோருக்கும் அவர் ஆப்புக்காரர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை. ரம்பம் மரத்துக்குள் போகப் போக, அறுபட்ட இரண்டு பக்கமும் மறுபடி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ரம்பத்தைக் கவ்விப் பிடிக்கும். கவ்வவிட்டால் ரம்பம் சூடேறித் தெறித்துவிடும். அதற்கு முன்னால் வெட்டுவாயில் ஆப்பைச் செருகிச் சுத்தியலால் ஒரு போடு போடவேண்டும். கூடினால் மரம் பிளந்துவிடும், குறைந்தால் ஆப்பு துள்ளி முகத்தில் விழும். அந்த ஒரு போடுதான் அவருடைய படிப்பு, பட்டம் எல்லாம்.

வீட்டிலும் அதே புத்தி. ஆடுகிற கட்டில் காலா, கழன்ற கோடரிக் காம்பா, காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னலா, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஆப்பு வெளியே வரும். "அவனவன் அடுத்தவனுக்கு ஆப்பு வைக்கிறான். நம்ம மச்சான் ஜன்னலுக்கு வைக்கிறாரு" என்று தங்கையின் புருஷன் கிண்டலடிப்பான். அவனை அதே மில்லில் சேர்த்துவிட்டதும் இவர்தான்.

மில் முற்றத்தில் உருட்டு மரங்களை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருப்பார்கள். அடிமரம் நகராமல் பிடித்து நிறுத்துவது, தரையோடு சேர்த்து அறைந்த நாலைந்து பெரிய ஆப்புகள். அறுப்பு நடக்கும்போது கையிலிருக்கும் ஆப்பு உடைந்தால், ஓடிப்போய் அதில் ஒன்றை உருவி வருவார்கள். செய்யக்கூடாதுதான். எல்லோரும் செய்தார்கள். அதற்குத் தங்களுக்குள் ஒரு சட்டமும் வைத்திருந்தார்கள்: உருவியவன் தன் துண்டை அடிமரத்தின் மேல் போட்டுவிட்டு வரவேண்டும். துண்டு கிடந்தால் அந்தப் பக்கம் ஒருவரும் போகமாட்டார்கள்.

அன்றைக்கு ஆப்பு உடைந்தது. ஓடினார், உருவினார். மரத்தூள் ஏறாமலிருக்கத் துண்டை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். ரெண்டு நிமிஷ வேலைதானே, இதை எங்கே அவிழ்த்துக்கொண்டு என்று அப்படியே திரும்பி ஓடிவந்தார். முதல் போடு போடும்போதே முற்றத்தில் அடுக்கு சரிந்தது. ரம்பத்தின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. அடுத்த மரத்தை உருட்டிவரப் போயிருந்த தங்கை மாப்பிள்ளைக்கு வலது கால் முட்டிக்குக் கீழே கூழாகிவிட்டது.

மூக்கிலிருந்த துண்டை அவிழ்த்துத்தான் காலை இறுக்கிக் கட்டினார். ரத்தத்தில் ஊறிய துண்டைப் பார்த்தவர்கள் அது மரத்தின் மேல் கிடந்த துண்டுதான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஆப்புக்காரர் போடாமல் வருவாரா? முதலாளி கேட்டபோது அவரும் தலையாட்டிவைத்தார். துண்டு கிடந்தும் போனவன் மேல்தான் தப்பு என்று மில்லிலிருந்து அரசாங்கத்துக்குக் காகிதம் போயிற்று.

ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். தங்கை தன் புருஷனைத்தான் திட்டித் தீர்த்தாள், கண்ணைப் பிடரியில் வைத்துக்கொண்டு நடந்தாயா என்று. அவன் கட்டிலோரம் நின்ற ஆப்புக்காரரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான்.

"கண்ண மூடினா அந்த மரம் அப்படியே தெரியுது மச்சான். துண்டு மட்டும் தெரியமாட்டேங்குது. எம்புத்தி அவ்வளவு கெட்டுப்போச்சா?"

டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனவர் அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அரசாங்க அலுவலகத்தில் விசாரணை. மாப்பிள்ளையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு தங்கை வந்திருந்தாள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, துண்டு போட்டீர்களா என்று காகிதத்தைப் பார்த்தபடியே ஆப்புக்காரரிடம் கேட்டார். பதிலை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டது போலிருந்தது.

"போடல சார். மூக்குல கட்டியிருந்தேன்."

முதலாளி இருமினார். அதிகாரி பேனாவை எடுத்து, இன்னொருமுறை சொல்லச் சொன்னார். ஆப்புக்காரர் சொன்னார். பின்னாலிருந்து மாப்பிள்ளை நீளமாக ஒரு மூச்சு விட்டது கேட்டது.

வெளியே வாசலில் ஐந்து படிகள். தங்கை நாற்காலியை விளிம்பில் நிறுத்தினாள். அவர் ஓடிப்போய் முன்சக்கரத்துப் பக்கம் குனிந்தார்.

"விடுங்க" என்றாள். அண்ணா என்ற சொல் அதில் இல்லை.

படியேறி வந்துகொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பிடிக்கிறீங்களா" என்று கேட்டாள். இருவருமாக நாற்காலியைத் தூக்கி இறக்கினார்கள். ஆப்புக்காரர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.